பின்வாசல் திறக்குமா?

மெக்சிக்கோவின் வடமேற்கில், பாலைவனத்தை ஒட்டிய நகரம் எர்மோசியோ. சொனோரா மாநிலத்தின் தலைநகர். அங்கே ஏபிசி என்ற பெயரில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. 2009 மே 26 அன்று அதை ஆய்வு செய்தவர்கள் எல்லாம் சரி என்று எழுதிவிட்டுப் போனார்கள். பத்து நாள் கழித்து, ஜூன் 5 வெள்ளிக்கிழமை பிற்பகல், பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் கட்டடம் எரிந்தது. 49 குழந்தைகள் இறந்தார்கள். 25 பெண், 24 ஆண். கைக்குழந்தைகளும் உண்டு, எவருக்கும் வயது ஐந்தைத் தாண்டவில்லை.

அந்தக் காப்பகம் சந்துக்குள் யாருக்கும் தெரியாமல் நடந்த இடமல்ல. தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டு அமைப்பான மெக்சிக்கோ சமூகப் பாதுகாப்பு நிறுவனம், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தனியாரிடம் ஒப்பந்தம் கொடுத்து நடத்திய மையங்களில் ஒன்று. பணம் அரசுடையது, விதிப்புத்தகம் அரசுடையது, ஆய்வும் அரசுடையது. உரிமையாளர்களில் சிலர் மாநில அரசு அதிகாரிகளின் மனைவிமார் என்பது தீக்குப் பிறகுதான் ஊர் பேசியது.

கட்டடத்தின் கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. அது குடோனாகக் கட்டப்பட்டது. ஒரு பக்கம் காப்பகம். சுவருக்கு அந்தப் பக்கம் மாநில நிதித்துறையின் கிடங்கு. கிடங்கில் பழைய கோப்புகளும் காகிதக் கட்டுகளும் வண்டிகளும் அடைந்து கிடந்தன. அங்கிருந்த குளிரூட்டும் கருவியின் மோட்டார் அளவுக்கு மீறிச் சூடேறியதில் தீப்பிடித்தது என்பது அதிகாரபூர்வ விசாரணையின் முடிவு. காகிதம் பற்றிக்கொண்டது. தீயும் புகையும் கூரை வழியாக இந்தப் பக்கம் வந்தன.

கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் அது. தகரக் கூரையின் சூடு உள்ளே இறங்காமலிருக்க அடியில் பாலியூரித்தேன் நுரை ஒட்டியிருந்தார்கள். அதற்கும் கீழே, பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தால் அழகாகத் தெரியும்படி, கூடாரத் துணியால் ஓர் உட்கூரை. இரண்டுமே நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் பாலியூரித்தேன் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். இவற்றை நாலைந்து முறை ஆழமாக மூச்சிழுத்தாலே பெரியவர்களே தள்ளாடி விழுவார்கள். உட்கூரைக்கு மேலே புகை சேர்ந்துகொண்டிருந்தபோது கீழே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தபோது துணி எரிந்து கட்டில்கள் மேலேயே விழத் தொடங்கியிருந்தது. அவசர வழிக் கதவு திறக்கவில்லை. கூட்டமாக ஓடிவந்த அக்கம்பக்கத்தாரில் ஒருவர் தன் பிக்கப் வண்டியைப் பின்னுக்கு எடுத்து சுவரில் மோதி ஓட்டைகள் போட்டார். வெளியே வந்த பிள்ளைகளில் பலர் அந்த ஓட்டைகள் வழியாகத்தான் வந்தார்கள்.

மே 26 அன்று வந்தவர்கள் பொய் எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வது சுலபம். அப்படி வைத்துக்கொண்டால் நமக்கும் நிம்மதி: அங்கே லஞ்சம், இங்கே நேர்மை. நான் அதைவிடக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. காப்பகத்தைப் பார்க்க வந்தவர்கள் காப்பகத்தைப் பார்த்தார்கள். தீ வந்தது பக்கத்துக் கிடங்கிலிருந்து. மெக்சிக்கோ உச்ச நீதிமன்றம் பின்னால் இதை விசாரித்தது. இந்த ஒரு மையத்தோடு குறை நிற்கவில்லை, நாடு முழுவதும் இதே ஒப்பந்த முறையில் நடந்த மையங்களில் மிகப் பெரும்பாலானவை விதிகளை முழுதாக நிறைவேற்றவில்லை என்று அதன் விசாரணையில் தெரியவந்தது. உரிமைகள் மோசமாக மீறப்பட்டன என்று 2010 ஜூனில் ஒப்புக்கொண்ட நீதிபதிகள், உயர் அதிகாரிகளைப் பொறுப்பாளிகளாக்க மட்டும் பெரும்பான்மையாக மறுத்தார்கள். 2011 அக்டோபரில் குழந்தைக் காப்பகங்களுக்கென்று நாடு தழுவிய சட்டம் வந்தது. மக்கள் அதை ஜூன் 5 சட்டம் என்றுதான் சொல்கிறார்கள்.

உரிமம் என்பது என்ன? ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட பட்டியலை வைத்துக்கொண்டு வந்த ஒருவர், அந்தப் பட்டியலில் உள்ளவை இருந்ததைக் கண்டார் என்பதற்கான சாட்சி. மறுநாளைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பட்டியலில் இல்லாததைப் பற்றியும் சொல்லாது. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் பெற்றோருக்கு வரும் தைரியத்தில் பாதி, காகிதம் தராத தைரியம்.

நம் பக்கத்துக் கதையும் இதுவே. 2004 ஜூலை 16, கும்பகோணம் காசிராமன் தெரு. ஒரே வளாகத்தில் மூன்று பள்ளிகள். சத்துணவுச் சமையலறையில் கிளம்பிய தீ ஓலைக் கூரையைப் பிடித்து மாடிக்குப் போனது. குறுகிய படிக்கட்டு. 94 பிள்ளைகள். அரசு அங்கீகாரம் இருந்த பள்ளி அது. பத்து வருடம் கழித்து, 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. நிறுவனர், சத்துணவு ஊழியர்கள் ஆகியோரோடு கல்வித்துறை அலுவலர்களும், கட்டடத்துக்குச் சான்று கொடுத்த பொறியாளரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். 2017இல் மேல்முறையீட்டில் அந்தத் தண்டனைகளில் பெரும்பாலானவை குறைந்தன அல்லது நீங்கின. தண்டனை எவ்வளவு என்பது இங்கே நமக்கு முக்கியமில்லை. சான்று கொடுத்தவர் கூண்டில் நின்றார் என்பது முக்கியம். ஓலைக் கூரை ஒளித்து வைக்கக்கூடிய பொருளல்ல. தெருவில் போகிறவனுக்கும் தெரியும். ஆயினும் அந்தக் கட்டடத்துக்குச் சான்று கிடைத்திருந்தது.

கும்பகோணத்துக்குப் பிறகு தொடரப்பட்ட பொதுநல வழக்கில், 2009 ஏப்ரலில், எர்மோசியோ எரிவதற்கு இரண்டு மாதம்கூட இல்லாத நிலையில், இந்திய உச்ச நீதிமன்றம் கல்வி உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அதற்குள் அடக்கம் என்று தீர்ப்பளித்தது. தீயணைப்புக் கருவிகள் வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்டது. சிவப்பு சிலிண்டர்கள் வந்தன. தமிழ்நாட்டில் ஓலைக் கூரைகள் அதற்கு முன்பே இறங்கத் தொடங்கியிருந்தன. அது நல்ல காரியம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நாம் கற்றுக்கொண்டது ஓலை ஆபத்து என்பதை மட்டும்தான். அடுத்த ஆபத்து ஓலை வடிவத்தில் வராது என்பதைக் கற்றுக்கொள்ளவில்லை.

2012 ஜூலையில் தாம்பரம் சேலையூர் பக்கம் ஒரு பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி கீழே விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். இரண்டாம் வகுப்புக் குழந்தை. அந்தப் பேருந்து எஃப்.சி. வாங்கி அதிக நாள் ஆகியிருக்கவில்லை. தகுதிச் சான்று வண்டிக்குள் இருந்தது. காலுக்குக் கீழே தரை இல்லை. அதன் பிறகுதான் பள்ளி வண்டிகளுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. கவனித்தீர்களா, விதி எப்போதும் பிணத்துக்குப் பின்னால்தான் வருகிறது. வந்த விதி நேற்று நடந்த விபத்தைத் தடுக்கத் தெளிவாக எழுதப்பட்டிருக்கும்.

வளர்ந்த நாடுகளில் இப்படி இருக்காது என்று நினைக்கிறவர்களுக்கு நியூயார்க்கைச் சொல்கிறேன். பிரான்க்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நடந்த டே கேர், 2023 செப்டம்பர் 15. மதியத் தூக்கத்திலிருந்து பிள்ளைகளை எழுப்பப் போனால் எழவில்லை. நான்கு பேரின் உடலில் ஃபென்டனில் என்ற போதைமருந்து ஏறியிருந்தது. ஒரு வயதுப் பையன் ஒருவன் இறந்தான். பிள்ளைகள் விளையாடும் பாயின் மேல் ஒரு கிலோ ஃபென்டனில் வைக்கப்பட்டிருந்ததாகவும், விளையாட்டு அறையின் தரைக்கு அடியிலேயே மூடி போட்ட பள்ளத்தில் இன்னும் இருந்ததாகவும் போலீஸ் கண்டுபிடித்தது. அந்த மையத்துக்கு உரிமம் இருந்தது. நகரச் சுகாதாரத் துறை சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஆய்வு செய்து, குறை இல்லை என்று சொல்லிப் பத்து நாள் ஆகவில்லை. எங்கள் ஆய்வாளர்களுக்கு ஃபென்டனில் தேடப் பயிற்சி கிடையாது என்று நகரத்தின் சுகாதாரத் தலைவர் சொன்னார். நியாயமான பதில்தான். பயம் தருவதும் அந்த நியாயம்தான்.

அமெரிக்காவில் 2014இல் திருத்தப்பட்ட குழந்தைப் பராமரிப்பு நிதிச் சட்டம், அரசு நிதி பெறும் மாநிலங்கள் உரிமம் உள்ள ஒவ்வொரு மையத்தையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது முன்னறிவிப்பில்லாமல் ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது. ஆய்வில் கண்டதைப் பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் போட வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது விதி உண்மையிலேயே அருமையானது. நம் ஊரில் இல்லாதது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு டே கேர் ஆண்டுக்கு 250 நாள் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதிகாரி வருவது ஒரு நாள். மிச்சம் 249 நாளும் அங்கே கண்ணாக இருக்க வேண்டியது பிள்ளையை விடவும் கூட்டிப்போகவும் தினம் இரண்டு முறை வருகிற பெற்றோர்தான்.

கண்ணுக்கு எட்டாத இடத்திலிருந்தும் ஆபத்து வரும். கனடாவின் கால்கரி நகரத்தில் 2023 செப்டம்பரில் பல டே கேர் மையங்களில் ஒரே சமயத்தில் பிள்ளைகளுக்கு ரத்தப்பேதி. ஈ.கோலை கிருமி. 400 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். மருத்துவமனையில் சேர்ந்த பிள்ளைகள் ஏறத்தாழ 40. சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு டயாலிசிஸ் வரை போனது. மையங்கள் வேறு வேறு; ஆனால் சாப்பாடு ஒரே பொதுச் சமையலறையிலிருந்து வண்டியில் வந்தது. நோய் பரவிய பிறகு அந்தச் சமையலறையைச் சோதித்தபோது கரப்பான்பூச்சிகள் இருந்தன; குளிர் காக்கும் ஏற்பாடு இல்லாமல் உணவு நெடுநேரம் வண்டியில் பயணித்தது தெரிந்தது. அரைத்த மாட்டிறைச்சியில் செய்த ஒரு பதார்த்தம்தான் மூலம் என்று விசாரணை சந்தேகித்தது. இத்தனைக்கும் மையத்துக்குள் போய்ப் பார்த்த பெற்றோருக்குத் தரை பளபளவென்றுதான் தெரிந்திருக்கும். சாப்பாடு எங்கே ஆகிறது, எத்தனை மணிக்கு ஆகிறது, எத்தனை மணிக்குப் பிள்ளை வாய்க்குப் போகிறது என்று கேட்டவர்கள் எத்தனை பேரோ.

இனி நம் தெருவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் ப்ளே ஸ்கூல்களுக்கென்று தனி விதித்தொகுப்பு 2015இல் வந்தது. அதற்கு முன் யார் வேண்டுமானாலும் வீட்டு வாசலில் மிக்கி மவுஸ் வரைந்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்றிருந்தது. இப்போது கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று என்று நான்கு காகிதம் வேண்டும். 1965ஆம் ஆண்டுப் பொதுக்கட்டட உரிமச் சட்டத்திலிருந்து வருகிற வழக்கம் அது. நாலும் நாலு அலுவலகத்தில் வாங்க வேண்டியவை. உறுதிச் சான்று தருகிற பொறியாளர் தூணைப் பார்ப்பார். தீயணைப்புத் துறை சிலிண்டரைப் பார்க்கும். சுகாதார ஆய்வாளர் தண்ணீரையும் கழிப்பறையையும் பார்ப்பார். மாடியில் எத்தனை தவழும் குழந்தைகள், அவர்களைத் தூக்க எத்தனை கைகள் என்று எண்ணிப் பார்ப்பது யாருடைய வேலை என்று கேட்டால் நாலு பேரும் ஒருவரை ஒருவர் காட்டுவார்கள்.

நம் ஊர் ப்ளே ஸ்கூல் பெரும்பாலும் ஒரு வாடகை வீடு. இரண்டு படுக்கையறை, ஒரு ஹால். முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் சறுக்குமரம். அதற்குப் பக்கத்தில் சிமென்ட் மூடியோ இரும்புத் தகடோ போட்ட சம்ப். பக்கவாட்டுச் சந்தில் செப்டிக் டேங்க். மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர், பேட்டரி. சமையலறையில் கேஸ் சிலிண்டர். ஜன்னல் எல்லாம் இரும்புக் கம்பி. வாசலில் கிரில் கேட், உள்ளிருந்து பூட்டு, ஏனென்றால் பிள்ளைகள் ரோட்டுக்கு ஓடிவிடக் கூடாது. பின்வாசலுக்கு எதிரே பழைய மேசை நாற்காலிகள். கீழ்த்தளத்தில் வேறு யாராவது வாடகைக்கு இருந்தால் அது பெயின்ட் கடையாகவும் இருக்கலாம், மெத்தைக் கடையாகவும் இருக்கலாம். எர்மோசியோ கிடங்கு நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. நம் வாடகை வீடு திருடனுக்குப் பயந்து கட்டியது. உள்ளே வரவிடாத அதே கம்பி வெளியே போகவும் விடாது.

சில வருடங்களுக்கு முன் என் பேத்தியைக் கூட்டிவர ஒரு மையத்துக்குப் போயிருந்தேன். கிரில் பூட்டியிருந்தது. உள்ளே பதினைந்து பிள்ளைகளும் ஒரு மிஸ்ஸும். சாவி ஆயாவிடம். ஆயா பால் வாங்கப் போயிருந்தார். ஏழெட்டு நிமிடம் வெளியே நின்றேன். அந்த மிஸ் சிரித்தபடியே, "பயப்படாதீங்க சார், எங்ககிட்ட எல்லா சர்டிபிகேட்டும் இருக்கு" என்றார். இருந்தது. அவர் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தது.

தீயை விடவும் நம் பக்கம் அதிகம் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. 2025 ஜனவரியில் விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. படித்த சிறுமி கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தாள். தொட்டியை மூடியிருந்த இரும்புத் தகடு துருப்பிடித்திருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மதுரையில் ஒரு மழலையர் பள்ளியில் நான்கு வயதுச் சிறுமி தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தாள். இடையில் நாலு மாதம்கூட இல்லை. முதல் செய்தியைப் படித்துவிட்டு எத்தனை பள்ளிகள் தங்கள் தொட்டி மூடியை ஒரு முறை மிதித்துப் பார்த்தன என்பது ஒரு பயனுள்ள கேள்வி.

சின்னப் பிள்ளை தண்ணீரில் மூழ்குவதைப் பற்றி நம் மனதில் இருக்கும் படம் தவறானது. கத்தும், கையைக் காலை அடிக்கும், யாராவது ஓடிவருவார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் சத்தமே வராது. ஒன்று இரண்டு வயதுப் பிள்ளைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம். வாளிக்குள் எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புறப் போனால் நிமிர்ந்து எழ அதற்குக் கையில் பலம் கிடையாது; வாளியும் சாயாது. ஐந்தாறு சென்டிமீட்டர் தண்ணீரே போதும், மூக்கும் வாயும் மூடினால் சரி. இரண்டு மூன்று நிமிடத்தில் நினைவு போகும், நாலைந்து நிமிடத்தில் மூளைக்குச் சேதம் தொடங்கும். ஆயா ஒரு பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டு வரும் நேரம் அது. அதனால்தான் விவரம் தெரிந்த மையங்களில் குளியலறை வாளியை உபயோகித்த கையோடு கவிழ்த்து வைக்கிறார்கள். எந்தச் சான்றிதழிலும் இல்லாத வழக்கம் அது; காசு செலவு கிடையாது.

சிசிடிவி பற்றி ஒரு வார்த்தை. இப்போது விளம்பரப் பலகையிலேயே போடுகிறார்கள், செல்போனில் பார்க்கலாம் என்கிறார்கள். 2022 மே மாதம் இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் பகுதியில் ஒரு நர்சரியில் ஒன்பது மாதப் பெண்குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றி, குப்புறப் போட்டு, பீன் பேக் மெத்தையில் வாரால் கட்டி வைத்தார் அங்கே வேலை பார்த்த பெண். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. அழுதது, திமிறியது, அடங்கியது. இறந்தது. எல்லாமே கேமராவில் பதிவானது. 2024இல் அந்த ஊழியருக்கு 14 ஆண்டு சிறை கிடைக்க அந்தப் பதிவு உதவியது. குழந்தைக்கு உதவவில்லை. கேமரா சாட்சி சொல்லும், ஓடிப் போய்த் தூக்காது.

அந்தக் குழந்தை விஷயத்தில் விதி தெளிவாகவே இருந்தது. கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், கெட்டியான சமமான படுக்கையில், தலையணையும் கனத்த போர்வையும் இல்லாமல். அமெரிக்காவில் 1994இல் இதை ஒரு பிரசாரமாக எடுத்துச் சென்ற பிறகு, காரணம் தெரியாமல் தூக்கத்தில் இறக்கும் கைக்குழந்தைகளின் விகிதம் சில ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மருந்து இல்லை, மாத்திரை இல்லை, புரட்டிப் போட்டதுதான். நம் டே கேர்களில் பிள்ளையை எப்படித் தூங்க வைக்கிறார்கள் என்று கேட்டால், "குப்புறப் போட்டாத்தான் சார் நல்லா தூங்கும்" என்று அன்போடு பதில் வரும். அன்பில் குறையில்லை. குப்புறப் படுத்த பிள்ளை ஆழ்ந்து தூங்கும் என்பதும் உண்மை; மூச்சுக்குத் தடை வரும்போது எழுந்துகொள்ள வேண்டிய பிள்ளை எழாமல் போவது அந்த ஆழத்தினால்தான்.

எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆள் என்ற கணக்கை நம்மவர்கள் சொகுசு என்று நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குக் கீழே மூன்று பிள்ளைக்கு ஓர் ஆள். இரண்டு வயதில் நாலுக்கு ஒருவர் என்றிருந்ததை 2023 செப்டம்பரில் ஐந்துக்கு ஒருவர் என்று தளர்த்தினார்கள், அதற்கே பெற்றோர் சண்டை போட்டார்கள். இந்த எண்கள் கொஞ்சிக் கொஞ்சி வளர்ப்பதற்காக வந்தவை என்று நினைக்க வேண்டாம். நடக்கத் தெரியாத குழந்தையைப் புகைக்குள்ளிருந்து வெளியே கொண்டுவர ஒரே வழி தூக்குவது. ஒரு பெண்ணுக்கு இரண்டு கை. ஒரு கைக்கு ஒன்று, இடுப்பில் இன்னொன்று. எட்டுக் கைக்குழந்தைகளுக்கு ஓர் ஆயா இருக்கும் அறையில், தீ என்று வந்துவிட்டால், ஐந்து குழந்தைகளை யார் தூக்குவது என்ற கேள்விக்கு அந்த மையத்திடம் பதில் இருக்க வேண்டும். சில நாடுகளில் இதற்காகவே சக்கரம் வைத்த கெட்டியான தொட்டில்கள் வைத்திருக்கிறார்கள்; நாலு குழந்தையை உள்ளே உட்கார வைத்து ஒருவரே தள்ளிக்கொண்டு வெளியேறலாம். நம் பக்கம் அந்தத் தொட்டிலைத் தள்ளினால் வாசல்படியில் முட்டி நிற்கும். அதனால் கைக்குழந்தைகளை மாடியில் வைக்காதிருப்பதே நமக்கு ஒத்துவரும் வழி.

சாப்பாட்டு நேரமும் அப்படித்தான். முழு திராட்சை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை உருண்டை, வட்டமாக நறுக்கிய கேரட் எல்லாம் மூன்று நான்கு வயதுப் பிள்ளையின் மூச்சுக்குழலை அடைக்கும் அளவில் அமைந்தவை. மூச்சுக்குழல் முழுதாக அடைபட்ட பிள்ளைக்கு இருமல் வராது, குரல் வராது. 2025 செப்டம்பர் முதல் இங்கிலாந்தில், பிள்ளைகள் சாப்பிடும் அறையில் குழந்தை முதலுதவி தெரிந்த ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். நம் மையங்களில் முதலுதவிப் பெட்டி இருக்கும். பெட்டிக்குள் பஞ்சும் டிஞ்சரும் இருக்கும். கைக்குழந்தையை முன்கையில் கவிழ்த்துப் போட்டு முதுகில் எப்படித் தட்டுவது என்று தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மையம் நடத்துகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள் மேல் பிரியம் உள்ளவர்கள், குறைந்த சம்பளத்துக்கு நாள் முழுக்க நிற்கிறவர்கள். ஒரு ஆயாவைக் கூடுதலாக வைத்தால் ஃபீஸ் ஏறும். ஏறினால் பெற்றோர் அடுத்த தெரு மையத்துக்குப் போய்விடுவார்கள். இங்கே பெற்றோர் கேட்கும் கேள்விகள் இங்கிலீஷ் பேச வைப்பீர்களா, ஏ.சி. உண்டா, ஃபோனிக்ஸ் எப்போது ஆரம்பிப்பீர்கள் என்பவைதான். ஏ.சி. அறைக்கு ஜன்னலை அடைத்துத் தெர்மோகோல் ஒட்டச் சொல்கிறவர்களும் நாமே. எதைக் கேட்கிறோமோ அதற்குத்தான் அவர் செலவு செய்வார். எர்மோசியோவில் அழகான உட்கூரை போட்டவருக்கும் பெற்றோர் அண்ணாந்து பார்ப்பார்கள் என்பது தெரிந்திருந்தது.

அதனால் நாளை காலை பிள்ளையை விடப் போகும்போது பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். சுவரில் உள்ள உரிமத்தில் தேதியைப் பார்த்துவிட்டு அதோடு விட்டுவிடுங்கள். கட்டடத்தை வெளியே ஒரு சுற்று சுற்றி வந்து கீழே என்ன கடை, பக்கத்தில் என்ன குடோன் என்று பாருங்கள். சம்ப் மூடியின் மேல் ஒரு கால் வைத்துப் பாருங்கள், பூட்டு இருக்கிறதா என்றும். கிரில் சாவி இந்த நிமிடம் யார் இடுப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். இன்றைக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டால் மிஸ் நிமிர்ந்து ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும், "இருப்பாங்க ஒரு இருபது பேர்" என்று இழுக்கக் கூடாது. கோபித்துக்கொள்வார்கள் என்று தயங்காதீர்கள். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான். பிறகு பின்வாசலுக்குப் போய், முன்னால் கிடக்கும் நாற்காலிகளை நகர்த்திவிட்டு, கதவைத் தள்ளிப் பாருங்கள்.